பொழுதுபோக்கு: சதுரங்கம்

என் அக்கா சதுரங்கம் ஆடுவாள் என்று எழுதியது நான்தான். எழுதியபோது அவளுக்குக் குதிரை எப்படிப் போகும் என்றுகூடத் தெரியாது. எனக்கும் தெரியாது.

அப்போது நான் கல்லூரியில் முதலாம் ஆண்டு. அக்கா படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான் என்று ஒரு பேச்சு இருந்தது. பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் ஆறுதல் பரிசாக ஒரு சோப்புப் பெட்டி வாங்கியிருந்தேன். அதை நம்பிக் கிளம்பிய பேச்சு. அக்காவின் ரெஸ்யூமை நானே எழுதித் தருகிறேன் என்று உட்கார்ந்தேன். எல்லாம் எழுதி முடித்த பிறகும் பக்கத்தின் அடியில் 'பொழுதுபோக்கு' என்ற இடம் காலியாக இருந்தது. அக்காவுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. வேலை இருந்தால் செய்வாள், இல்லாவிட்டால் தூங்குவாள். தூக்கம் என்று எழுத முடியுமா? சதுரங்கம் என்று போட்டேன். பார்க்க அறிவாளி மாதிரி இருக்கும், யாரும் சோதித்துப் பார்க்கப் போவதில்லை.

சோதித்துப் பார்த்தார்கள். மேசை நாற்காலி விற்கும் பெரிய கடை ஒன்றில் வரவேற்பு வேலைக்கான நேர்காணல் அது. மேலாளர் பக்கத்தை மேலிருந்து படித்துக்கொண்டே வந்தவர், கடைசி வரியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, இழுப்பறையைத் திறந்து ஒரு செஸ் பலகையை எடுத்து வைத்தாராம். இது பிற்பாடு அம்மா சொல்லித் தெரிந்தது.

அக்கா அன்று வீட்டுக்கு வந்து கைப்பையைக் கட்டில்மேல் எறிந்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"குதிரை நேரா போகாதாம். உனக்குத் தெரியுமா?"

அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஓடிவிட்டது.

ஒரே வீட்டில், அதிலும் ஒரே அறையில் இருந்துகொண்டு இரண்டு வருடம் எப்படிப் பேசாமல் இருக்க முடியும் என்று கேட்பவர்களுக்கு எங்கள் குடும்பத்தைத் தெரியாது. நாங்கள் சண்டை போடுகிறவர்கள் இல்லை. பேச்சை நிறுத்திவிடுவோம். பாத்திரம் உடையாது, பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. அப்பா நெடுந்தூர லாரி ஓட்டுகிறார். மாதத்தில் இரண்டு நாள் வீட்டில் இருப்பார், அதில் ஒன்றரை நாள் தூங்குவார். பிள்ளைகள் அமைதியாக வளர்ந்திருக்கிறார்கள் என்று அவருக்குச் சந்தோஷம்.

எல்லாவற்றையும் சுமந்தது அம்மாதான். அம்மாவுக்கு மருத்துவமனையில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலை. எலும்பு டாக்டரைக் கேட்பவரைக் கண் டாக்டரிடம் தள்ளிவிடாமல் நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்தும் அதே வேலை. எங்கள் கட்டில்களுக்கு நடுவே இரண்டு கை தூரம்கூட இருக்காது. வாசலில் அம்மா நிற்பாள்.

"அந்த எருமைகிட்ட என் சீப்பத் தொடாதேன்னு சொல்லும்மா" என்பாள் அக்கா.

அம்மா என் பக்கம் திரும்புவாள். "சீப்பத் தேடறாடி. நீ பாத்தியான்னு கேக்கறா."

அசலும் எனக்குக் கேட்கும், அம்மா வெட்டிச் சரிசெய்த பதிப்பும் கேட்கும். அம்மா எப்படிப்பட்ட தபால்காரி என்று இவ்வளவு நன்றாகத் தெரிந்தும் பெரிய விஷயங்களையும் அவளிடமே ஒப்படைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதல் பெரிய விஷயம், மன்னிப்பு. சண்டை நடந்த அந்த வாரமே சமையலறையில் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "தப்பு என் மேலதான்னு அவகிட்ட சொல்லும்மா. ஆனா தெரியாதவ எதுக்கு விளையாட உட்காரணும்? தெரியாதுன்னு சொல்ல வாயில்லையா அவளுக்கு? அதையும் சேர்த்துச் சொல்லு." அம்மா கையைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினாள். பதில் வரவில்லை. அக்கா மன்னிக்கவில்லை என்று புரிந்துகொண்டேன். கல்நெஞ்சுக்காரி என்று எனக்கும் கோபம் வந்தது.

அக்காவுக்குப் பிறகு கூரியர் கம்பெனியில் வேலை கிடைத்தது. வாங்கியவர்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பும் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்து, மறுபடி ஒட்டி அனுப்பும் பிரிவு. முதல் மாதச் சம்பளத்தில் அவள் ஒரு செஸ் பலகை வாங்கி வந்தாள். எங்கள் அறையில் இருப்பது ஒரே மேசை. அதில் அவளுடைய பாதியில் பலகையை விரித்து, வெள்ளையையும் கறுப்பையும் தானே வைத்து ஆட ஆரம்பித்தாள். தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு டக், டக் என்று காய் வைக்கும் சத்தம். வாயால் திட்டியிருந்தால்கூட ஒரு நாளில் முடிந்திருக்கும்.

மேசையின் மறுபாதியில் நான் ரெஸ்யூம் எழுதினேன்.

பட்டும் திருந்தவில்லையா என்று கேட்கலாம். பட்டதால்தான் எழுதினேன். அக்காவுக்கு நடந்தது கல்லூரியில் யாருக்கும் தெரியாது. எழுதுவேன் என்பது மட்டும் தெரியும். ஆளாளுக்கு வந்து நின்றார்கள். ஒரு விதி வைத்துக்கொண்டேன். யாரைப் பற்றி எழுதுகிறேனோ அந்த ஆளிடம் எதுவும் கேட்க மாட்டேன். ஆளைக் கேட்டால் 'கடின உழைப்பாளி, தலைமைப் பண்பு உடையவர், அழுத்தத்திலும் அமைதி காப்பவர்' என்று வரும். அந்த ஆளோடு கிடந்து மல்லாடுகிற ஒருவரைப் பிடித்துக் கேட்பேன்.

வேறு துறையில் படித்த ஒருவனுக்குத் 'தூக்கம்' என்று பட்டப்பெயர். முதல் பாடவேளையிலேயே தலை சாய்ந்துவிடும். விடுதியில் அவன் அறைத்தோழனிடம் கேட்டேன். "காலையில அஞ்சு மணிக்கு எழுந்து மோட்டார் போட்டு மூணாவது மாடி முழுக்கத் தண்ணி நிரப்பறது அவன்தான். வேற எவனும் எழுந்திருக்க மாட்டான்" என்றான். 'விடுதியின் மூன்றாம் மாடியில் இருபத்திரண்டு பேருக்கு, இரண்டு ஆண்டுகளாக, ஒரு நாளும் தவறாமல் காலை ஆறு மணிக்குள் தண்ணீர் கிடைக்கச் செய்தவர்' என்று எழுதினேன். ஒரு தொழிற்சாலையில் காலைப் பிரிவுக்கு எடுத்துக்கொண்டார்கள். இன்னொருத்தனின் அப்பாவிடம் கேட்டபோது, "அவன் ஒண்ணுக்கும் ஆக மாட்டான்" என்றார். பையனிடம் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்பா சரியாத்தான் சொல்றார்" என்றான். அவனுக்கு நான் எழுதவில்லை.

எழுதும்போது எனக்கு வாய்விட்டு வாசிக்கும் பழக்கம் உண்டு. அதில் ஒரு விஷயம் போகப்போகத்தான் புரிந்தது. எந்த வரி கொஞ்சம் மிகையாகப் போகிறதோ, அந்த வரியில் பக்கத்துப் பாதியில் டக் சத்தம் நின்றுவிடும். நான் தலை நிமிர மாட்டேன். அந்த வரியை அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதி வாசிப்பேன். சத்தம் திரும்ப ஆரம்பித்தால் அது தேறிவிட்டது என்று அர்த்தம். இப்படியே மூன்றாம் வருடத்துக்குள் நாற்பத்தொரு பேருக்கு எழுதிவிட்டேன். இருபத்தாறு பேருக்கு வேலை கிடைத்தது.

எனக்குத்தான் கிடைக்கவில்லை. நான் படித்தது வரலாறு. எங்கள் துறையைத் தேடி நிறுவனங்கள் வருவதில்லை. போன வருடம் ஒன்று வந்தது. அதுவும் மாடி மாறி வந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பிப் போயிற்று. இந்த வருடக் கடைசியில் ஒரே ஒரு நிறுவனம் எந்தத் துறையாக இருந்தாலும் பரவாயில்லை என்று அறிவித்தது. வீட்டுச் சாமான்களோடு பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் வருமே, இதை இப்படிச் செருகு, ஈரக் கையால் தொடாதே என்று, அதை எழுதும் நிறுவனம். ஒரே ஓர் இடம். அறிவிப்பைப் படித்ததும் இது எனக்காகவே படைக்கப்பட்ட வேலை என்று தோன்றிவிட்டது. அந்தப் புத்தகங்களை உட்கார்ந்து படிக்கும் ஒரே ஜீவன் எங்கள் வீட்டில் நான்தான். அந்த வேலை கிடைக்காவிட்டால் என்ன செய்வேன் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

கல்லூரியில் வேலைவாய்ப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்பவருக்கு 'ஒருபக்கம் சார்' என்று பெயர். ரெஸ்யூம் ஒரு பக்கத்தைத் தாண்டினால் இரண்டாம் பக்கத்தை உங்கள் கண்ணெதிரே கிழித்துவிட்டு முதல் பக்கத்தைத் திருப்பித் தருவார். என்னுடையதைப் படித்தார். கிழிக்க இரண்டாம் பக்கம் இல்லை. ஆனாலும் முகம் சுளித்தார்.

"கடின உழைப்பாளி. குழுவாகப் பணியாற்றுபவர். புதியன கற்கும் ஆர்வம். இது என்னம்மா, ஊருக்குத்தான் உபதேசமா? அந்தத் தண்ணி மோட்டார் பையனுக்கு எழுதினவதானே நீ?"

"என்னைப் பத்தி எனக்கு எழுத வரல சார்."

"உன் விதிதானே? யாரையாவது கேளு." பிறகு அந்த நிறுவனத்தின் படிவத்தைத் திருப்பி அடியில் விரலை வைத்தார். "இதையும் பாத்துக்கோ. கண்டிப்பா போன் பண்ணுவாங்களாம்."

'உங்கள் வேலையைக் குறைந்தது ஓராண்டு அருகிலிருந்து பார்த்த ஒருவரின் பெயர், தொலைபேசி எண். ஆசிரியர்கள், சக மாணவர்கள் கூடாது.'

"சொந்தக்காரங்க சார்?"

அவர் இரண்டு முறை படித்துப் பார்த்தார். "கூடாதுன்னு போடல."

அம்மாவைப் போடலாம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. என் விதிப்படி அம்மாவின் சாட்சி செல்லாது. தவிர நான் எழுதுவதை அம்மா பார்த்ததே இல்லை. இரண்டு வருடமாக நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் அருகிலிருந்து கேட்ட ஆள் உலகத்தில் ஒருத்திதான். அவள் என்னோடு பேசுவதில்லை.

மறுபடி சமையலறைக்குப் போனேன். "அவ நம்பரைப் போட்டுக்கலாமான்னு கேளும்மா. வேணாம்னா வேணாம்னு சொல்லிடச் சொல்லு. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல." கடைசி வாக்கியம் பொய். இரண்டு நாள் கழித்து அம்மா வந்து சொன்னாள். "சரின்னுட்டா. போட்டுக்கச் சொன்னா."

அன்று அறையில் உட்கார்ந்து என் பக்கத்தைப் புதிதாக எழுதினேன். 'நாற்பத்தொரு மாணவர்களுக்கு ரெஸ்யூம் எழுதியிருக்கிறேன். ஒவ்வொருவரைப் பற்றியும் அவரோடு வாழும் ஒருவரிடம் விசாரித்த பிறகே எழுதினேன்.' வாய்விட்டு வாசிக்கத் துணிவில்லை. மனதுக்குள் படித்துக்கொண்டேன். பொழுதுபோக்கு என்ற இடம் வந்தபோது தலை நிமிர்ந்து பார்த்தேன். அக்கா கறுப்பு ராணியைக் கையில் வைத்துக்கொண்டு வெள்ளைக்காக யோசித்துக்கொண்டிருந்தாள். 'சதுரங்கம் பார்ப்பது' என்று எழுதினேன்.

நேர்காணல் நடந்த அறையில் மூன்று சுவரிலும் அலமாரி. நிறைய இஸ்திரிப் பெட்டிகள், கெட்டில்கள், ஹீட்டர்கள், எல்லாவற்றையும் நடுவில் அறுத்து உள்ளே தெரிகிற மாதிரி வைத்திருந்தார்கள். மேலாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. கட்டைவிரலில் பிளாஸ்திரி. என் பக்கத்தை நிதானமாக, பென்சிலை ஒவ்வொரு வரிக்கும் அடியில் ஓட்டிப் படித்தார்.

"எங்க தொழில்ல ஒரு வரி தப்பாப் போனா யாராவது ஒருத்தர் கை சுட்டுக்கும்" என்றார். "அதனால நாங்க போன் பண்ணித்தான் ஆள் எடுப்போம். ஆளை எதிர்ல வெச்சுக்கிட்டு, ஸ்பீக்கர்ல போட்டு. முதுகுக்குப் பின்னாடி பேசற வழக்கம் இல்ல. சம்மதமா?"

சம்மதம் என்றேன். மணி பன்னிரண்டே முக்கால். அக்காவின் சாப்பாட்டு நேரம். தொலைபேசி நான்கு முறை அடித்தது.

"சொல்லுங்க, யாரு?" பின்னால் பேக்கிங் டேப்பை யாரோ இழுத்துக் கிழிக்கும் சத்தம்.

"உங்க தங்கச்சி எங்ககிட்ட வேலைக்கு வந்திருக்காங்க. அவங்க வேலையப் பக்கத்துல இருந்து பாத்தவங்கன்னு உங்க நம்பரைக் குடுத்திருக்காங்க."

டேப் சத்தம் நின்றது. அதை இழுத்துக்கொண்டிருந்ததே அவள்தான் போலிருக்கிறது.

"என் நம்பரையா? எனக்கு யாரும் சொல்லலையே."

அம்மா கேட்கவே இல்லை. கேட்காமலே சரி என்று வந்து சொல்லியிருக்கிறாள்.

மேலாளர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத் தொலைபேசியிடம், "கேக்கலாமா, வேணாமா?" என்றார்.

அக்கா ஏதோ பெட்டியைத் தள்ளி வைக்கும் சத்தம். "கேளுங்க. பத்து நிமிஷம் இருக்கு."

"நாப்பத்தொரு பேருக்கு ரெஸ்யூம் எழுதினதாப் போட்டிருக்காங்க. சரியா?"

"தப்பு. நாப்பத்திரெண்டு. முதல் ஆளு நான்."

பென்சில் நின்றது. அந்த ஒன்றை நான் எண்ணவில்லை. மறந்து விட்டதில்லை, தெரிந்தே விட்டது. அறுத்து வைத்த கெட்டிலுக்குள் புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது.

"அதுல என்ன ஆச்சு?"

"எனக்கு செஸ் தெரியும்னு எழுதினா. தெரியாது. கிடைக்க வேண்டிய வேலை போச்சு." அக்கா பெட்டிக்குள் இருப்பதைப் பட்டியல் போடும் குரலில் சொன்னாள். "அதுல இருந்து ரெண்டு வருஷமா பேச்சு இல்ல. எழுதினது தப்புன்னு இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல மேடம்."

"சொன்னேன்!" என்று கத்திவிட்டேன். "அந்த வாரமே அம்மாகிட்ட சொல்லி அனுப்பினேன்!"

தொலைபேசியில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"அவ அங்கதான் இருக்காளா?" என்று அக்கா மேலாளரைக் கேட்டாள்.

"எதிர்லதான் உட்கார்ந்திருக்காங்க."

"என்ன சொல்லி அனுப்பினான்னு கேளுங்க."

மேலாளர் என் பக்கம் திரும்பினார். அப்படியே வாசலில் நிற்கும் அம்மா. "என்ன சொல்லி அனுப்பினீங்க?"

"தப்பு என் மேலன்னு."

"அவ்வளவுதானா?" இதை அவர் தானாகவே கேட்டார். வரிகளைப் பார்த்துப் பழகிய கண்.

"அதுக்கப்புறம் ஒரு 'ஆனா' போட்டு இன்னும் கொஞ்சம் இருந்துது."

"எனக்கு அதெல்லாம் வரல" என்றது அக்காவின் குரல். "அம்மா வந்து, நீ சாப்பிட்டியான்னு அவ கேக்கறான்னு சொன்னாங்க. எனக்கு வந்தது அது மட்டும்தான். வேலையையும் கெடுத்துட்டு சாப்பிட்டியான்னு கேக்கறாளே, என்ன ஜென்மம் இவன்னு நினைச்சேன்."

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நான் கொடுத்த மன்னிப்பை அம்மா கையில் வாங்கிப் பார்த்திருக்கிறாள். வாலை மட்டும் வெட்டலாம் என்று பார்த்தால் அது முழுக்க வாலாகவே இருந்திருக்கிறது. தூக்கிப் போட்டுவிட்டு, இருக்கட்டும் என்று சாப்பாட்டை விசாரித்திருக்கிறாள்.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எங்க வேலையில ஒரு வரியில 'ஆனா' வந்தா அதை ரெண்டா உடைச்சிடுவோம். முதல் பாதிய மட்டும் இப்ப சொல்லுங்க."

தொலைபேசியைப் பார்த்துச் சொன்னேன். "அக்கா, நான் எழுதினது பொய். தப்பு என்னோடது." நாக்கு நுனிவரை அடுத்த பாதி வந்து நின்றது. விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்து மூக்கை உறிஞ்சினேன். வேலை போனால் போகட்டும், இவள் ஏதாவது ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று தோன்றியது.

அக்கா என்னிடம் எதுவும் பேசவில்லை. "மேடம், வேற என்ன கேக்கணும்?" என்றாள்.

"மீதி நாப்பத்தொண்ணுல பொய் உண்டா?"

"இல்ல."

"அவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றீங்க?"

"எழுதும்போது வாய்விட்டு வாசிப்பா. எனக்குச் சரியாப் படலன்னா நான் காய் வைக்கறத நிறுத்திடுவேன். உடனே அடிச்சிட்டு வேற எழுதுவா. ஒரு தடவைகூட முரண்டு பிடிச்சதில்ல. யாரோ தண்ணி மோட்டார் போடற பையனாம், அவனுக்கு அந்த ஒரு வரிய எட்டு தடவ மாத்தினா. அன்னிக்கு எனக்கு ஆட்டமே முடியல." நிறுத்திவிட்டு அவளே கேட்டாள். "பொழுதுபோக்குன்னு என்ன போட்டிருக்கா?"

மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். "சதுரங்கம் பார்ப்பது."

இணைப்புப் போய்விட்டதோ என்று மேலாளர் திரையைத் தொட்டுப் பார்த்தார்.

"அது உண்மை" என்றாள் அக்கா. "பாத்துக்கிட்டே இருப்பா, திருட்டுத்தனமா." பிறகு டேப் கிழியும் சத்தம் மறுபடி கேட்டது. "எனக்கு நேரமாச்சு மேடம். அவ கண்ணைத் துடைச்சுக்கச் சொல்லுங்க. ரூமுக்கு வெளிய நாலு பேர் இருப்பாங்க."

மேலாளர் என்னிடம், "கண்ணைத் துடைச்சுக்கணுமாம்" என்றார். எதையும் வெட்டவில்லை. நாற்பத்தொன்றைப் பென்சிலால் அடித்து மேலே நாற்பத்திரண்டு என்று எழுதி, பக்கத்தை என் பக்கம் தள்ளினார். "இதைத் திருத்தி நல்ல பிரதி ஒண்ணு எடுத்துக்கிட்டுத் திங்கக்கிழமை வாங்க. கெட்டில்ல இருந்து ஆரம்பிக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவை நிற்க வைத்துக் கேட்டேன். அம்மா அசரவில்லை. "நீங்க ரெண்டு பேரும் சொன்னதையெல்லாம் அப்படியே சொல்லியிருந்தா இது வீடா இருந்திருக்குமா?"

"சரி, நம்பர் விஷயத்த ஏம்மா கேக்கல?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவா. கேக்கலன்னா எப்படி வேணாம்னு சொல்லுவா?"

இதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு நான் படிக்கவில்லை.

ஆறேகாலுக்கு அக்கா வந்தாள். முகம் கழுவினாள். பலகையை எடுத்து விரித்தாள். வழக்கமாக அவளுடைய பாதியில் இருக்கும் பலகை அன்று மேசைக்கு நடுவில் வந்தது. என் காகிதங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு வெள்ளைக் காய்களை என் பக்கம் அடுக்கினாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அம்மா வாசலில் வந்து நின்றுகொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன, யார்கிட்ட என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் வேணாம்மா, நீ போய் உட்காரு" என்றாள் அக்கா.

அம்மா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். எனக்கு வேலை கிடைத்த அன்று அவளுக்கு ஒரு வேலை போயிற்று. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கதவுத் திரையைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

இரண்டு வருடம் பார்த்ததில் காய்கள் எப்படிப் போகும் என்று தெரிந்திருந்தது. எங்கே போக வேண்டும் என்று தெரியவில்லை. பதினோரு நிமிடத்தில் தோற்றேன். அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நானும் அன்னிக்கு அந்த ஆளுகிட்ட பதினோரு நிமிஷம்தான்" என்றாள். என் முகத்தைப் பார்த்து, என்னிடமே சொன்னாள்.

அவள் பேசிய சந்தோஷத்தில் விழுங்கிய மறுபாதி வெளியே வந்துவிட்டது. "தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"அவரும் அதைத்தான் சொன்னாரு. முதல்லயே தெரியாதுன்னு சொல்லியிருந்தா வேலை குடுத்திருப்பேன்னாரு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அக்கா காய்களை மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ரெஸ்யூமப் படிச்சதும் முதல்ல, யாரு எழுதினது, நல்லா இருக்கேன்னு கேட்டாரு. என் தங்கச்சின்னு பெருமையாச் சொல்லிட்டேன். அதுக்கப்புறம்தான் பலகைய எடுத்தாரு. என் தங்கச்சி பொய் எழுதிட்டான்னு எப்படிடி சொல்றது?"

அவள் வெள்ளையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு குதிரையை எடுத்தாள். முன்னால் இரண்டு கட்டம், பக்கத்தில் ஒரு கட்டம் வைத்துவிட்டு, "ஆடு" என்றாள்.